மூன்று வார்னிங் வாங்கிய கோப்பு

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள். ஆம்பூருக்கும் மாதனூருக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கிறது. காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்களை அள்ளி வந்து, சாயங்காலம் திருப்பி இறக்கிவிடுகிறது. இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் தாராளமாக முயன்று பாருங்கள். அந்தச் சாலையில் இப்படி இல்லாத கம்பெனியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டில் அந்த ஷூவை வாங்குகிறவர்கள் ஒருநாள் ஒரு மெயில் அனுப்பினார்கள். 'உங்கள் தொழிற்சாலைக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சில மாதங்களில் நேரில் வந்து பார்ப்போம்.' அவர்கள் கேட்டது தோலைப் பற்றி. எந்த ஊர், எந்தச் சந்தை, எந்த மாடு என்கிற விவரம்.

தோல் விஷயத்தைக் கம்பெனி எப்போதோ தீர்த்து வைத்திருந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத தோலுக்கெல்லாம் 'மூலம்: ஆலங்காயம்' என்று போட்டுவிடுவது வழக்கம். ஏன் ஆலங்காயம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காட்டோரத்து ஊர், யாரும் போய் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று முதலில் போட்டவர் நினைத்திருக்கலாம். கம்பெனி கணக்குப்படி ஆலங்காயத்தில் மனிதர்களைவிட மாடுகள் ஜாஸ்தி. அந்த மாடுகளுக்கும் ஆளுக்கு நாலைந்து தோல் இருந்தாக வேண்டும்.

கம்ப்ளையன்ஸ் மேனேஜர் சம்பத் மெயிலைப் பலமுறை படித்தார். வாங்குகிறவர்கள் சொல்லும் விதிகளைக் கம்பெனி கடைப்பிடிக்கிறது என்று காட்டுவது அவருடைய வேலை. கடைப்பிடிப்பது வேறு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

"தோலைப் பத்திக் கேட்டா நமக்குப் பேஜார்தான். ஆனா நல்லாப் பாருங்க, 'ஒவ்வொரு பொருளும்'னுதான் போட்டிருக்கான். தோலுன்னு ஒரு வார்த்தை இல்ல. எதுல நம்ம சுத்தமா இருக்க முடியுமோ, அதைக் காட்டுவோம்" என்றார் கூட்டத்தில்.

அப்படி உருவானதுதான் மூலத்தூய்மைக் குழு. சுத்தமாக இருக்க முடிந்த பொருள் எது என்று தேடி, கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் என்று முடிவு செய்தார்கள். யாரும் மோந்து பார்க்க முடியாது, ஆற்றில் கலக்காது. இனி வெளியே தயார் செய்த மென்பொருள் எதுவும் கம்பெனிக்குள் வரக் கூடாது. மனிதர்கள் எழுதிய மூல நிரலாகவே வாங்கி, கம்பெனி வளாகத்துக்குள்ளேயே கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றிக்கொள்ள வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் பாக்கெட் மாவு வாங்குவதுபோல மாற்றி வைத்ததை இறக்கிக்கொள்கிறார்கள். இவர்கள் உளுந்திலிருந்து ஆரம்பிக்க முடிவு செய்தார்கள். தோல்காரர்களுக்கு இது உடனே விளங்கியது. பச்சைத் தோலாக வாங்கி நாமே பதனிட்டால்தான் நமக்குத் தெரியும் என்று தலையாட்டினார்கள். கம்பெனி இருபது வருஷமாகப் பதனிட்ட தோலைத்தான் வாங்குகிறது என்பதை யாரும் அந்த இடத்தில் எழுப்பவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவள் ஹேமலதா. மாதனூர்ப் பெண், பி.சி.ஏ. படித்தவள், கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவள்தான், மின்விசிறி ஓடாவிட்டாலும் அவள்தான். சொந்தமாக ஒரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள், பைத்தான் மொழியில். ஒரு பக்கம்கூட வராத சின்ன புரோகிராம். ஆனால் அதைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு.

தையல் பிரிவில் முந்நூறு பெண்கள். அவர்களில் தினமும் கொஞ்சம் பேர் முறைவைத்து பேஸ்டிங் டேபிளில் உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவ வேண்டும். பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். அதன் நெடி மண்டைக்கு ஏறும். வீசிங் இருக்கிறவர்களை அங்கே உட்காரவைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படி நாலு பேர். ஹேமலதாவின் புரோகிராம் காலையில் பட்டியல் போடும்போது அந்த நாலு பேரை மட்டும் விட்டுவிடும். அந்த நால்வரில் ஒருத்தி ஜாஸ்மின். ஹேமலதாவுக்கு பஸ்ஸில் தினமும் துப்பட்டா போட்டு இடம் பிடித்து வைக்கிறவள், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இந்தப் புரோகிராமே ஜாஸ்மினுக்காக எழுதியதுதான்.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து செத்தது. புதியது வந்தது. ஆனால் புதியதில் பைத்தான் இல்லை. அந்த மொழியில் எழுதியதைப் புரிந்துகொண்டு ஓட்டுவதற்கு அதன் இன்டர்பிரட்டர் வேண்டும். இறக்கிக்கொண்டால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஹேமலதா இறக்கப் போகும்போதுதான் சம்பத் வந்து நின்றார்.

"ரெடிமேடா? நோ. சோர்ஸ்லேருந்து கட்டணும். இதான் நம்ம ஷோபீஸ், ஹேமலதா. ஷூ வாங்கறவங்களோட ஆடிட்டர் வர்றப்ப உன் பேரும் வெளிய வரும்."

'உன் பேரும்' என்ற சொல் ஹேமலதாவின் காதில் கொஞ்சம் அதிகமாகவே தங்கியது.

மறுநாள் காலை தையல் பிரிவு சூப்பர்வைசர் விஜயகுமாரி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். "லிஸ்ட்டு வரலியேம்மா. எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சுட்டு இருக்கேன். அந்த நாலு பேர் பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன், செவுத்துல ஒட்டிக்கிறேன்."

நல்ல யோசனை. ஹேமலதா பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். அப்போது சம்பத் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆடிட் நேரத்தில் கையால் எழுதிய பட்டியல் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது, அது குறைபாடாகும், எழுதியவர் பெயரில் பதிவாகும். அதைவிட, கையாலேயே எழுதி ஒட்டிவிட்டால் இனி புரோகிராம் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் வந்தது. இரண்டாவது பயத்தை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

"ரெண்டு நாள்ல புரோகிராமே வந்துடும், மேடம்" என்றாள்.

விஜயகுமாரி போய்விட்டாள். அன்று ஜாஸ்மின் பேஸ்டிங் டேபிளில் உட்கார்ந்தாள்.

கம்பைல் தொடக்க விழா வெள்ளிக்கிழமை நடந்தது. பைத்தான் என்ற பெயரைக் கேட்டு மலைப்பாம்புத் தோலோ என்று சந்தேகப்பட்டவர்களுக்காக, 'இது பாம்பு அல்ல' என்று முதல் கூட்டத்திலேயே பதிவு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, ஒரு துஆ, ஒரு ஜெபம், ஒரு தேங்காய் என்று யாருக்கும் குறை வைக்காமல் எல்லாம் செய்தார்கள். முதலாளி ஹயாத் பாஷா என்டர் பட்டனை அழுத்தினார். திரையில் எழுத்துக்கள் ஓடின. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தாறு வரி ஓடியதும் நின்றுவிட்டது.

"முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? பலே" என்றார் ஹயாத் பாஷா.

"இல்லீங்க சார். கம்பைலர் இல்லைன்னு சொல்லுது."

கம்பைல் செய்யக் கம்பைலர் என்ற கருவி வேண்டும் என்று ஹேமலதா முன்பே இரண்டு கூட்டத்தில் சொல்லியிருந்தாள். இரண்டிலும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதிவாகியிருந்தது. இப்போது பார்த்துக்கொண்டார்கள். கம்பைலரும் மென்பொருள்தான், அதையும் மூலத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொரு கம்பைலர் வேண்டும். அதைக் கட்ட அதற்கு முந்தியது. குழு இரண்டு நாள் உட்கார்ந்து பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், முதல் கம்பைலரைக் கம்பைல் செய்தது யார் என்ற கேள்வியில் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டு பிரியாணி ஆறியதுதான் மிச்சம்.

சம்பத் எழுந்தார். "இதுக்குப் போய் ஏன் டென்ஷன்? ஒரு தோல் வருது. எந்த மாட்டோடதுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அதுக்காக ஷூ பண்ணாம விட்டோமா? கேக்கறவனுக்கு ஒரு நம்பர் வேணும், ஒரு ஊர் வேணும். குடுத்துட்டா அவன் நிம்மதியா தூங்குவான். நேர்மைன்னா இன்னா? கேட்ட கேள்விக்குக் காலியா விடாம பதில் எழுதறதுதான் நேர்மை."

எல்லோருக்கும் மனது லேசானது. வெளியிலிருந்து தயாராக இறக்கிய முதல் கம்பைலருக்கு ஒரு நம்பர் கொடுத்து, 'மூலம்: ஆலங்காயம்' என்று பதிந்தார்கள்.

அதோடு தீரவில்லை. பைத்தானுக்கு அடியில் வேறு நூலகங்கள், அதாவது லைப்ரரி என்கிற துணை நிரல்கள் இருந்தன. சுருக்கி வைப்பதற்கு ஒன்று, ரகசியக் குறியீட்டுக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று. ரகசியக் குறியீட்டு நூலகத்தைக் கட்டப் போனால் அது பெர்ல் என்று இன்னொரு மொழியைக் கேட்டது. ஒரு மொழியைக் கட்ட இன்னொரு மொழியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றையும் எழுதியவரும் கம்பெனிக்குப் பொருள் தருகிறவர்தான் என்று குழு சொல்லிவிட்டது. பொருள் தருகிறவர்களுக்கென்று கம்பெனியில் ஒரு கேள்வித்தாள் உண்டு, தோல் மண்டிக்காரர்களுக்காகப் போட்டது. அதையே எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

சுருக்கும் நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறவர் எங்கோ குளிர்நாட்டில் இருந்தார். சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிறவர். அவர் பதில் அனுப்பியதே பெரிய விஷயம். 'உங்கள் ஆலையில் எத்தனை பேர்?' நான் ஒருவன். 'பெண் தொழிலாளர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா?' வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, மனைவியும் அதையே பயன்படுத்துகிறாள். 'உப்பு நீக்கிய தோல்களை எங்கே காயப்போடுகிறீர்கள்?' மன்னிக்கவும், எனக்கு இந்தக் கேள்வி புரியவில்லை.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத இடத்திலிருந்து பொருள் வாங்க முடியாது என்று குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இன்னொரு கழிப்பறை கட்டச் சொல்லி அவருக்குக் கடிதம் போயிற்று. இந்தக் கடிதத்தை ஹேமலதாதான் ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு மாடியிலிருந்து தையல் பிரிவைப் பார்த்தாள். கழிப்பறைக்குப் போக டோக்கனுக்காக ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஜாஸ்மின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி அவளை டேபிளுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜாஸ்மின் வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தாள். பேசும்போது நெஞ்சில் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"இன்னாடி, எப்ப வரும் உன் புரோகிராமு?"

"வந்துடும்க்கா. ஒரு லைப்ரரிதான் பாக்கி."

"அவசரம் இல்லடி. நீ நல்லாச் செய்யி. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், ஹேமா கம்ப்யூட்டரையே புதுசா கட்டுறா, வந்துட்டா இனிமே யாரும் நம்மளைத் தொட முடியாதுன்னு."

ஹேமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குக் காலையில் போய் முதல் வேலையாக அந்த நாலு பேரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் சம்பத் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் வார்னிங் வந்திருந்தது.

கம்பைல் ஓடும்போது கம்பைலர் சில இடங்களில் வார்னிங் என்று எழுதும். பிழை அல்ல, இதைக் கொஞ்சம் கவனி என்று சொல்லும், அவ்வளவுதான். உலகம் முழுக்க அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் கம்பெனியின் நிலையாணைப்படி வார்னிங் என்பது விளையாட்டல்ல. மூன்று வார்னிங் மெமோ வாங்கியவர்மீது உள்விசாரணை நடத்தி வேலையிலிருந்து நீக்க வேண்டும். பைத்தானின் மூல நிரலில் ஒரு கோப்பு மூன்று வார்னிங் வாங்கியிருந்தது.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். மனுஷனுக்கு ஒரு நியாயம், ஃபைலுக்கு ஒரு நியாயமா?" என்றார் சம்பத்.

கோப்புக்குக் குற்றப்பத்திரிகை தயாரானது. வரையறுக்கப்பட்டும் பயன்படுத்தப்படாத ஒரு பகுதி அதில் இருந்தது, ஆகவே வேலைக்கு வந்துவிட்டு வேலை செய்யாமல் இருந்த குற்றம். ஆரம்ப மதிப்பு கொடுக்காத ஒரு மாறி இருந்தது, ஆகவே பயிற்சி பெறாமல் பணியில் இறங்கிய குற்றம். ஒரு பிரிவு முடிந்தும் நிற்காமல் அடுத்த பிரிவுக்குள் விழுந்துவிட்டது, ஆகவே அனுமதியின்றி இடம் மாறிய குற்றம். கோப்பு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விளக்கம் தர வேண்டும். தரவில்லை. இது திமிராகக் கருதப்பட்டது.

விசாரணை நடத்த வழக்கமாக வரும் வக்கீல் குடியாத்தத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. குற்றம்சாட்டப்பட்டவர் தன்னுடன் ஒரு சக ஊழியரை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கோப்புக்கு வாய் இல்லாததால் அதன் சார்பில் உட்கார ஹேமலதாவை நியமித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் பஸ்ஸில் ஜாஸ்மின் ஒரு கவரை எடுத்துக் காட்டினாள். "எனக்கும் மூணாவது மெமோ வந்துடுச்சிடி. பெர்மிஷன் இல்லாம டேபிளை வுட்டு எழுந்து ஜன்னலாண்ட போனேனாம். மூச்சு வரலன்னா போய்த்தானே ஆவணும்? நாளைக்கு என்கொயரி. கூட ஒரு ஆளு உக்காரலாமாம். நீ வர்றியா? நீ படிச்சவ. அந்த டாக்டர் சீட்டை மட்டும் எடுத்துச் சொல்லிட்டா போதும்."

அதே நாள், அதே வக்கீல். ஒருவர் ஒரே நாளில் ஒரு குற்றவாளிக்கு மேல் துணைக்கு உட்காரக் கூடாது என்பதும் விதி.

"அக்கா, நாளைக்கு அந்த ஃபைலுக்கு நான் உக்காரணும். அது போச்சுன்னா இதுவரைக்கும் கட்டுன மொத்த பில்டும் போய்டும். பில்டு போனா உன் லிஸ்ட்டும் வராது. உனக்காகத்தான்க்கா நான் அங்க போறேன்." சொல்லும்போது அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. இதுதான் அதில் மோசமான விஷயம்.

ஜாஸ்மின் கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அதுவும் சரிதான். நீ அதைப் பாரு. என்னுது சின்ன விஷயம்தானே, நானே பேசிக்கிறேன்."

கோப்பின் விசாரணை காலை முழுக்க நடந்தது. ஹேமலதா நன்றாகவே வாதாடினாள். பயன்படுத்தாத பகுதி வேறு வகைக் கணினிகளுக்காக எழுதப்பட்டது, இந்தக் கணினியில் அது சும்மா இருப்பது அதன் குற்றமில்லை என்றாள். அடுத்த பிரிவுக்குள் போனது எழுதியவரின் நோக்கம்தான், அவசியம் இருந்ததால்தான் போயிற்று என்றாள். வக்கீல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், இரண்டு முறை டீ குடித்தார், இடையில் ஒருமுறை கோப்பின் முந்தைய நடத்தை எப்படி என்று விசாரித்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில் ஜாஸ்மின் டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக ஹேமலதாவைப் பார்த்து, நல்லாப் பேசறே என்று கையைக் காட்டினாள்.

மதியத்துக்குமேல் வக்கீலுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஜாஸ்மினின் விசாரணையை நின்றுகொண்டே முடித்தார். டாக்டர் சீட்டின் மூலம் எது என்று நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார். நீக்கினால் பெயர் கெட்டுவிடும், தானே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் மரியாதை என்று சம்பத் அன்பாக எடுத்துச் சொன்னார். ஜாஸ்மின் எழுதிக் கொடுத்தாள்.

கோப்பையும் நீக்கினார்கள். நீக்கியதும் கம்பைல் பாதியில் நின்று திரை முழுக்கப் பிழையாக வந்தது. குழு அவசரமாகக் கூடி, மனிதாபிமான அடிப்படையில் கோப்பை மறுபடியும் பணியில் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட காலம் பணித் தொடர்ச்சியாகக் கருதப்படும் என்று உத்தரவும் போட்டது.

அன்று பஸ்ஸில் ஹேமலதாவுக்கு இடம் இல்லை. மாதனூர்வரை நின்றுகொண்டே போனாள். ஜாஸ்மின் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன விஷயத்தை யாரோ சொன்னார்கள். மறுநாள் அவள் சம்பத்தின் அறைக்குப் போனாள். இந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகு கூப்பிடாமல் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"சார், ஃபைலை திருப்பி எடுத்துட்டீங்க. ஜாஸ்மின்க்காவையும்..."

சம்பத் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "ஃபைலை எடுத்தா மொத்த வேலையும் நின்னு போய்டுது, மா. நீயே பார்த்தே இல்ல? ஜாஸ்மினை எடுத்தோம். எதாவது நின்னுச்சா?"

ஹேமலதா எழுந்து வந்துவிட்டாள். திட்டியிருக்கலாம், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கலாம். வீட்டில் தம்பி படிப்பு இருந்தது, பில்டு தொண்ணூறு சதவீதம் முடிந்திருந்தது. இந்த இரண்டில் எது தன்னை உட்காரவைத்தது என்று அவள் பிறகு பலமுறை கேட்டுக்கொண்டாள். தம்பிதான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.

குளிர்நாட்டுக்காரரிடமிருந்து பதில் வரவில்லை. அவருடைய நூலகம் இல்லாமலே கட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஒருவழியாகப் பைத்தான் கட்டி முடிந்தது. தானாகவே சோதித்துக்கொள்ளும்போது சில சோதனைகளை அது 'தவிர்த்தேன்' என்று காட்டியது. "நம்ம கம்பெனில யாரையும் எதையும் விட்டுட்டுப் போற வழக்கமே கிடையாது" என்று சம்பத் சொல்லி, அந்தச் சோதனைகளில் ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டிய ஒன்றுக்காக ஒரு ஸ்பீக்கர்கூட வாங்கினார்கள்.

ஆடிட்டர் வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய வெளிநாட்டுப் பெண்மணி. தோல் கிடங்குப் பக்கம் போகாமல் அவரை நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்து வந்தார்கள். எது எங்கே பிறந்தது, எது எதைப் பெற்றது என்று சம்பத் பரம்பரையே வாசித்தார். ஆலங்காயம் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். மலையடிவாரம், நல்ல காற்று என்றார் சம்பத். பிறகு ஹேமலதா தன் புரோகிராமை ஓட்டினாள்.

இத்தனை நாள் கழித்து அது முதல் வேலையாகப் பட்டியலை அச்சடித்துத் தந்தது. முந்நூறு பெண்களின் பெயர். கீழே தனியாக, பேஸ்டிங் டேபிளில் உட்காரக் கூடாதவர்கள் நாலு பேர். எல்லாம் சரியாக இருந்தது. ஜாஸ்மின் பெயரும் இருந்தது. வேலையை விட்டவர்களின் பெயரை நீக்கும் புரோகிராம் இன்னும் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

ஆடிட்டர் அசந்துபோனார். எத்தனையோ தொழிற்சாலை பார்த்திருக்கிறேன், நோயாளிகளுக்காக இவ்வளவு பாடுபட்டதைப் பார்த்ததில்லை என்றார். அப்படியே பட்டியலில் விரலை வைத்தார். "இந்த ஜாஸ்மினை நான் சந்திக்கலாமா?"

சம்பத்தின் முகத்தில் ஒரு நொடிகூட மாற்றமில்லை. "ஷிஃப்ட்டு மாத்தறாங்க, மேடம். சாப்பிட்டுட்டு வாங்க, வந்துடுவா" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஹேமலதாவைத் தனியே அழைத்து ஜாஸ்மினைக் கூட்டிவரச் சொல்லி, கார்ச் சாவியை டிரைவரிடம் எறிந்தார். ஒரு யூனிஃபார்ம் கோட்டும் கொடுத்தனுப்பினார்.

ஜாஸ்மின் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்டர் மூலம் வீட்டுக்கே வருகிற வேலை. இதே கம்பெனி ஷூதான். பக்கத்தில் மூடி திறந்த சின்ன டப்பாவில் சொல்யூஷன் இருந்தது. ஹேமலதாவைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"ஏய், ஹேமா! வந்துடுச்சா உன் புரோகிராமு?"

"வந்துடுச்சுக்கா."

"என் பேரைச் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு." ஹேமலதா விஷயத்தைச் சொன்னாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "உனக்கு இஷ்டமில்லன்னா வேணாம்க்கா."

வராதே என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஜாஸ்மின் அதற்குள் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கே. நான் வராம போனா உனக்குத்தானே கெட்ட பேரு?"

காரில் பேசினாலே ஜாஸ்மினுக்கு மூச்சு வாங்கியது.

தையல் பிரிவில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். சுற்றி இருந்த பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். விஜயகுமாரி மட்டும் ஒருமுறை ஹேமலதாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆடிட்டர் குனிந்து, பசைக்குப் பக்கத்தில் உங்களை உட்காரவைக்காமல் எவ்வளவு நாளாகிறது என்று கேட்டார். மொழிபெயர்க்க ஹேமலதா நின்றாள்.

ஜாஸ்மின் ஹேமலதாவைப் பார்த்தாள். பிறகு ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தாள். "பேஸ்டிங் டேபிள் பக்கம் போயே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க மேடம்."

அது பொய் இல்லை. ஹேமலதா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஆடிட்டர் ஜாஸ்மினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பத் முதலில் கைதட்டினார், பின்னால் எல்லோரும் தட்டினார்கள். ஹேமலதாவும் தட்டினாள்.

வேலை முடிந்ததும் கார் வரவில்லை. கார் ஆடிட்டரை விருந்துக்கு அழைத்துப் போயிருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்று ஜாஸ்மின் நடந்தாள். ஹேமலதா கேட்வரைக்கும் கூடப் போனாள்.

"நான் சரியாச் சொன்னேனாடி?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"சரியாச் சொன்னக்கா."

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். வெளியே போகிறவர்கள் அட்டை காட்டி உள்ளே வந்ததாக அவருடைய கம்ப்யூட்டரில் பதிவு இருக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். ஜாஸ்மினிடம் அட்டை இல்லை. கம்பெனி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு ரொம்ப நாளாயிற்று. கோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோரம் நின்றாள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

"சிஸ்டத்துல இல்லீங்களே, மேடம். இன்னா பண்றது?" செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார். அவரே யோசனை சொன்னார். "சரி வுடுங்க. ஒரு துண்டுப் பேப்பர்ல பேரை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும்."

ஒரு பழைய ஸ்லிப்பைத் திருப்பி பேனாவோடு நீட்டினார். ஹேமலதா வாங்கிக்கொண்டாள். ஜாஸ்மின் என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். செக்யூரிட்டி சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, சரியா இருக்குது என்று சொல்லி, கேட்டைத் திறந்துவிட்டார்.